கட்டட வேலையில் பேட்டரி மெஷின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் கட்டட வேலைக்கான மெஷின்களை வாடகைக்கு விடுகிறேன். வயரும் பெட்ரோல் வாடையுமாக இருந்த கடையில் இப்போது ஒரு பக்கச் சுவர் முழுக்க சார்ஜர் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு மேஸ்திரிகளும் எலக்ட்ரீஷியன்களும் வீடு கட்டுகிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

1. "பேட்டரி மெஷின்னா ஸ்க்ரூ முடுக்கத்தானே அண்ணே? கான்கிரீட்டெல்லாம் உடைக்குமா?"

உடைக்கும். உங்கள் சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது. வயர் இல்லாத டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் 1961-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு நாற்பது வருடங்களுக்கு மேல் அதில் இருந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. கனமாக இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். நம்மில் பலர் அந்தக் காலத்து டிரில்லைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது பொம்மை என்று முடிவு கட்டியவர்கள்.

2005 வாக்கில் லித்தியம் அயான் பேட்டரி இந்தக் கருவிகளுக்குள் வந்தது. அப்புறம் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் கதையை மாற்றின. இன்று மில்வாக்கியின் 72 வோல்ட் வரிசையில் தரை உடைக்கும் பிரேக்கரும் கோர் கட்டிங் மெஷினும் இருக்கின்றன. டிவால்ட் 2024-ல் கான்கிரீட் வேலைக்கென்றே தனி பேட்டரி வரிசை வெளியிட்டது. வேக்கர் நியூசன் மண் இடிக்கும் ராமரையே பேட்டரியில் ஓட்டுகிறது. சக்தி போதுமா என்ற கவலை வேண்டாம். எவ்வளவு நேரம் விடாமல் ஓடவேண்டும் என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். இனி வரும் பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

2. "18 வோல்ட், 20 வோல்ட்னு போட்டிருக்கானே, 20 தானே பெருசு?"

இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஐந்து செல்கள் வரிசையாக இருக்கும். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்றால் மொத்தம் 18. முழுதாகச் சார்ஜ் ஆனவுடன் ஒரு செல் 4.2 வோல்ட் வரை காட்டும், அப்போது மொத்தம் 21 வரும். ஒரு கம்பெனி சராசரியை அட்டையில் போடுகிறது, இன்னொன்று உச்சத்தைப் போடுகிறது. மகிட்டாவின் 40 வோல்ட் மேக்ஸ் என்பதும் அதே கணக்கில் 36 வோல்ட்தான், பத்து செல். ஹில்டியின் 22 வோல்ட்டில் ஆறு செல், அது உண்மையிலேயே ஒன்று கூடுதல்.

3. "ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம் நிக்கும்?"

மணி நேரத்தில் பதில் சொல்கிற கடைக்காரரை நம்பாதீர்கள். பேட்டரியின் மேல் வோல்ட் ஒன்றும் ஆம்பியர் மணி ஒன்றும் போட்டிருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்றால் 90 வாட் மணி. மின்வாரியக் கணக்கில் 0.09 யூனிட். அதாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது நாலு இஞ்சு கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தி அறுக்கும்போது 800 வாட் இழுக்கிறது என்றால் அந்தப் பேட்டரி ஏழு நிமிடம்கூட முழுதாக நிற்காது. கேட்கவே சப்பென்று இருக்கிறதா? ஆனால் 12 மில்லி கம்பியை அறுக்க ஒரு வெட்டுக்குப் பத்து வினாடி என்று வைத்தால் அது 40 வெட்டு. வெட்டுக்கு நடுவில் கம்பியை அளப்பது, நகர்த்துவது, டீ குடிப்பது எல்லாம் சேர்ந்தால் அரை நாள் ஓடிவிடும். அதே கிரைண்டரைக் கையிலிருந்து இறக்காமல் சுவரில் காடி வெட்டக் கொடுத்தால் நாலு பேட்டரியும் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே காலி.

4. "ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை பேட்டரி சமம்?"

நல்ல கேள்வி. கேட்டவர் சொந்தமாக ராமர் வைத்திருப்பவர். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 9 யூனிட். சின்ன எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மற்றதெல்லாம் சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். ஆக லிட்டருக்கு 1.8 யூனிட் வேலை. 3-ஆம் பதிலில் சொன்ன 90 வாட் மணி பேட்டரியில் அது 20 பேட்டரி. பேட்டரியிலும் மோட்டாரிலும் கொஞ்சம் வீணாவதைச் சேர்த்தால் 22, 23 என்று வரும்.

நாள் முழுக்க இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும் மெஷினைக் கைப்பிடி அளவுப் பேட்டரியால் ஏன் ஓட்டமுடியாது என்பது இதிலேயே புரிந்துவிடும். அதனால்தான் ராமர் மாதிரியான மெஷின்களுக்குப் பெரிய பேட்டரி தனியாகச் செய்கிறார்கள். டிவால்ட்டின் அந்தக் கான்கிரீட் பேட்டரி 554 வாட் மணி, நம் 18 வோல்ட் பேட்டரி ஆறுக்குச் சமம். எஞ்சினுக்கும் மோட்டாருக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. ஆள் நின்று வெற்றிலை போடும் நேரத்திலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டார் விசையை விட்டவுடன் நின்றுவிடும். அதனால் நடைமுறையில் இடைவெளி இந்தக் கணக்கைவிடக் குறைவு.

5. "எங்கிட்ட எல்லாமே வயர் மெஷின். முதல்ல எதை மாத்தலாம்?"

வயரை இழுப்பதே பெரிய வேலையாக இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். நாலாவது மாடியில் ஆங்கர் ஓட்டை போட வேண்டும், கரண்ட் கீழே ஜங்ஷன் பாக்ஸில் இருக்கிறது. மூன்று எக்ஸ்டென்ஷனை முடிச்சுப் போட்டு மேலே ஏற்றுவீர்கள். மெல்லிய வயரில் அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடும், மெஷின் திணறும், ஒரு நாள் ஆர்மேச்சர் கருகும். ரிப்பேருக்கு என்னிடம் வந்த டிரில்களில் பல இப்படிச் செத்தவைதான். ஓட்டை போடும் ரோட்டரி ஹேமர், கம்பி வெட்டும் மெஷின், இம்பாக்ட் ரெஞ்ச், சென்ட்ரிங் பலகை அறுக்கும் ரம்பம் என்று விட்டுவிட்டு ஓடுகிற எல்லாவற்றையும் யோசிக்காமல் மாற்றலாம்.

ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்க ஓடுபவற்றைத் தொடாதீர்கள். மிக்ஸர், பார் பெண்டிங் மெஷின், மார்பிள் பாலிஷ் போடும் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாம் வயரிலேயே இருக்கட்டும். அவை நகர்வதில்லை, அவற்றுக்கு வயர் ஒரு தொல்லையும் இல்லை.

6. "கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டரை பேட்டரில நம்பலாமா?"

நம்பலாம், ஆனால் தனியாக நம்பாதீர்கள். வைப்ரேட்டருக்குப் பேட்டரி நன்றாகவே பொருந்துகிறது. அதிரும் நீடிலைக் கான்கிரீட்டுக்குள் சில வினாடி விடுவது, எடுப்பது, இரண்டடி தள்ளி மறுபடி விடுவது என்றுதான் வேலை. முதுகில் மாட்டும் பை மாதிரியானதும் உண்டு. கம்பி வலைமேல் பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஆள் பின்னாலேயே நடக்க வேண்டாம், ஈரக் கான்கிரீட்டில் கரண்ட் வயர் கிடக்கவும் வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், ஸ்லாப் போட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஒரு பக்கம் இறுகிய பிறகு அடுத்த லோடைக் கொட்டினால் நடுவில் ஜாயின்ட் விழுந்து பிற்காலத்தில் தண்ணீர் கசியும். ஒரு முறை ஒருவர் இரண்டு பேட்டரியோடு போய், சைட்டில் கரண்டும் போய், சார்ஜர் தூங்கிவிட, ராத்திரி எட்டு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். பழைய பெட்ரோல் வைப்ரேட்டரைத்தான் கொடுத்தனுப்பினேன். அன்றிலிருந்து கான்கிரீட் நாளில் பேட்டரி வைப்ரேட்டர் கேட்பவருக்குப் பெட்ரோல் வைப்ரேட்டர் ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறேன். ஸ்டார்ட் செய்யாமல் திரும்பி வந்தால் அதற்கு வாடகை இல்லை.

7. "கம்பி கட்டுற மெஷின் வீடியோல பார்த்தேன். வாங்கிடவா?"

ஜப்பானின் மேக்ஸ் கம்பெனி மெஷின் மாதிரியானவற்றைச் சொல்கிறீர்கள். குறுக்குக் கம்பியில் வாயை வைத்து அழுத்தினால் ஒரு வினாடிக்குள் முடிச்சு விழும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கான கம்பிச் சுருள் தனி, நம் ஊர் கட்டுக்கம்பி அதில் போகாது. நம் கம்பி கட்டுகிறவர் கொக்கியைச் சுழற்றும் வேகத்தைப் பார்த்தால், ஆயிரம் சதுர அடி வீட்டு ஸ்லாப்புக்கு அது வீண் செலவு. பெரிய ராஃப்ட் அடித்தளம், பாலத்தின் மேல்தளம் என்று ஆயிரக்கணக்கில் முடிச்சு ஒரே தளத்தில் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குனிந்தே கட்டும் ஆட்களின் முதுகுக்காக நீட்டுப் பிடி வைத்த மாடலை வாங்குவேன் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

8. "மழையில ஷாக் அடிக்காதுல்ல?"

மெஷினிலிருந்து 230 வோல்ட் உங்கள் மேல் பாயாது, ஏனென்றால் அங்கே 230 வோல்ட்டே இல்லை. தோல் உரிந்த வயர் சேற்றில் கிடந்து ஆளை அடிப்பது நம் சைட்டுகளில் புதிதில்லை. பேட்டரிக்கு மாற இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். மழையில் நனைய விடலாம் என்று மட்டும் அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள், பேட்டரி கெட்டுவிடும்.

இரண்டு இடத்தில் மறந்துவிடுகிறார்கள். சார்ஜர் வயர் மெஷின்தான். அதற்கு நனையாத இடமும், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி.யும் வேண்டும். இரண்டாவது, பழைய வீட்டுச் சுவரைத் துளைக்கும்போது உள்ளே கரண்ட் ஓடும் வயரைத் தொட்டால் பேட்டரி டிரில்லும் ஷாக் கொடுக்கும். கரண்ட் சுவருக்குள் இருந்து வருகிறது, மெஷின் என்ன செய்யும்?

9. "பேஸ்மென்ட்ல பெட்ரோல் கட்டர் ஓட்டக்கூடாதுங்கறாங்க. ஜன்னல் திறந்திருந்தாலுமா?"

ஆமாம், திறந்திருந்தாலும். பெட்ரோல் எஞ்சின் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றும்போது வெயில் என்று நினைத்து உட்காருவார்கள், எழ மாட்டார்கள். கிணற்றுக்குள் எஞ்சினை இறக்கி ஓட்டிவிட்டு, முதலில் இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அண்டர்கிரவுண்ட் தொட்டி, லிஃப்ட் குழி, பேஸ்மென்ட் என்று யாராவது சொன்னால் நான் பெட்ரோல் மெஷினைக் கொடுப்பதே இல்லை. பேட்டரி அல்லது வயர், இரண்டில் ஒன்று.

கான்கிரீட் தூசி அப்படியே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி கட்டருக்கும் தண்ணீரோ வேக்குவமோ மாஸ்க்கோ தேவை. புகை போனதும் தூசியும் போய்விட்டது மாதிரி மேஸ்திரிகள் துண்டை அவிழ்த்துவிடுகிறார்கள்.

10. "வயர் இல்லாத கிரைண்டர் சேஃப்தானே?"

வயர் காலில் தடுக்காது, அவ்வளவுதான். வீல் சுற்றும் வேகமும் உடைந்தால் தெறிக்கும் துண்டும் அதேதான். சொல்லப்போனால் ஒரு புது ஆபத்து இருக்கிறது. வயர் கிரைண்டரில் வீல் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பேட்டரியைக் கழற்றும் பழக்கம் யாருக்கும் இல்லை. என் கடைப் பையனே மடியில் வைத்து நட்டைத் திருகும்போது சுவிட்ச் அழுந்தி, உள்ளங்கையில் நாலு தையல். இப்போது கடையிலிருந்து எந்த மெஷினையும் பேட்டரி மாட்டிய நிலையில் கையில் கொடுப்பதில்லை.

11. "சார்ஜர்ல போட்டா சிவப்பு லைட் விட்டு விட்டு எரியுது. பேட்டரி போச்சா?"

மே மாதத்தில் வரும் போன்களில் பாதி இதுதான். பெரும்பாலும் பேட்டரி போகவில்லை, சூடாக இருக்கிறது. உள்ளே வெப்பத்தை அளக்கும் சென்சார் உண்டு. சூடு அளவைத் தாண்டியிருந்தால் சார்ஜர் ஆறும்வரை காத்திருக்கும். தகரக் கொட்டகையில், வெயிலில் நின்ற வண்டி டிக்கியில், கான்கிரீட் தளத்தின் மேல் வைத்தால் அது ஆறவே ஆறாது. நிழலில் காற்று படும் இடத்தில் அரை மணி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ஈரத் துணியில் சுற்றாதீர்கள். இரண்டையும் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

லித்தியம் பேட்டரிக்கு நம் ஊர் வெயில்தான் முதல் எதிரி. சூட்டிலேயே வேலை வாங்கி, சூட்டிலேயே சார்ஜ் போட்டால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். நான் சைட்டுகளுக்குச் சொல்வது, பேட்டரியைச் சாப்பாட்டுக் கூடை மாதிரி நினையுங்கள் என்பதுதான். அது எங்கே இருக்குமோ அங்கே இதுவும் இருக்கட்டும்.

12. "நாலு பேட்டரி வாங்கியும் மதியம் வேலை நிக்குதே, ஏன்?"

சார்ஜர் எத்தனை என்று கேட்டேன். ஒன்று என்றார். ஒரு பேட்டரி 20 நிமிடத்தில் தீர்கிறது, சார்ஜ் ஆக 45 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சார்ஜர் 45 நிமிடத்துக்கு ஒரு பேட்டரிதான் தரும். பத்துப் பேட்டரி வாங்கினாலும் நிற்கும் நேரம் தள்ளிப்போகுமே தவிர நிற்காமல் இருக்காது. விடாமல் ஓட மூன்று சார்ஜரும் நாலு பேட்டரியும் வேண்டும். 11-ஆம் பதிலில் சொன்ன ஆறும் நேரத்தையும் சேர்த்தால் இன்னொரு பேட்டரி. இந்தக் கணக்கு கட்டுப்படியாகவில்லை என்றால், அந்த வேலை வயருக்கானது.

13. "ஜெனரேட்டர் வச்சுத்தான் சார்ஜ் போடணும்னா இதுல என்ன லாபம்?"

கேட்டவர் என்னை மடக்கிவிட்டதாக நினைத்தார். கரண்ட் வராத சைட்டில் வயர் மெஷின் ஓட்ட ஜெனரேட்டர் காலை முதல் மாலை வரை ஓடும், யாராவது எப்போதாவது டிரில் அழுத்துவார்கள் என்பதற்காக. பேட்டரி என்றால் ஆறு சார்ஜரை ஒரே நேரத்தில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிடலாம். ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போட்டு எடுத்து வந்தால் சின்ன வேலைக்கு ஜெனரேட்டரே வேண்டாம்.

சார்ஜ் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தற்காலிக இணைப்பில் யூனிட் 12 ரூபாய் என்று வைத்தாலும், ஒரு 90 வாட் மணி பேட்டரி நிறைய, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து ஒன்றேகால் ரூபாய்தான் ஆகும். காசு போவது பேட்டரி விலையில். சில நூறு சார்ஜுக்குப் பிறகு அது இளைக்க ஆரம்பிக்கும். அதனால் கணக்குப் போடும்போது கரண்ட் பில்லை மறந்துவிட்டு, புதுப் பேட்டரி விலையை வருடங்களால் வகுத்துப் பாருங்கள்.

14. "அப்ப ஜேசிபியே பேட்டரில வந்துடுமா?"

ஜேசிபி கம்பெனியே 2018-ல் 19சி-1இ என்ற இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவான சின்ன பேட்டரி எக்ஸ்கவேட்டரைக் காட்டியது. வால்வோவின் சின்ன எக்ஸ்கவேட்டரும் 20 யூனிட் பேட்டரியில் சுமார் நாலு மணி நேரம் ஓடுகிறது. நார்வேயின் ஓஸ்லோ நகரில் 2019-ல் ஒரு தெரு வேலையையே புகை இல்லாத மெஷின்களால் செய்தார்கள். நெருக்கமான தெரு, ஆஸ்பத்திரி வளாகம், கட்டடத்துக்கு உள்ளே தோண்டுவது போன்ற வேலைகளுக்கு இவை அருமை.

நீங்கள் கேட்பது ஊரில் ஓடும் மஞ்சள் பேக்ஹோ என்றால் 4-ஆம் பதிலின் கணக்கைப் பெரிதாகப் போடுங்கள். மணிக்கு 5 லிட்டர் டீசல், லிட்டருக்கு 10 யூனிட், அதில் மூன்றில் ஒரு பங்கு வேலை. எட்டு மணி நேரத்துக்கு 130 யூனிட் பக்கம் வரும். நம் ஊர் எலக்ட்ரிக் கார் மூன்றின் பேட்டரி. செய்யலாம், ஆனால் ஏரிக்கரையில் அதற்கு எங்கே சார்ஜ் போடுவது?

கனரக மெஷின் கரண்டில் ஓடாது என்று மட்டும் யாராவது சொன்னால் நெய்வேலிக்குக் கூட்டிப் போங்கள். சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சத பக்கெட் வீல் மெஷின்கள் பல பத்தாண்டுகளாக மின்சாரத்தில்தான் ஓடுகின்றன, பின்னால் கேபிளை இழுத்துக்கொண்டு.

15. "டூப்ளிகேட் பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்குது. போடலாமா?"

வேண்டாம். ஆம்பியர் மணி என்று மேலே எழுதியிருப்பது ஸ்டிக்கர்தான், உள்ளே என்ன செல் என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. 11-ஆம் பதிலில் சொன்ன வெப்ப சென்சாரும் செல்களைச் சமன் செய்யும் சர்க்யூட்டும்தான் விலையில் மிச்சம் பிடிக்கும் இடங்கள். ஒரு கம்பெனி பேட்டரியை இன்னொரு கம்பெனி மெஷினில் மாட்டும் அடாப்டரும் அப்படியே. மெஷினும் பேட்டரியும் பேசிக்கொள்ளும் வழியை அது அறுத்துவிடுகிறது.

செலவைக் குறைக்க நேர்வழி, ஒரே வரிசையில் ஒட்டிக்கொள்வது. முதல் மெஷினை பேட்டரி, சார்ஜரோடு வாங்கி, அடுத்தவற்றைப் பாடி மட்டும் வாங்குங்கள். மெட்டாபோ, போஷ் இரண்டும் தனித்தனியாக வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து பொதுப் பேட்டரி வரிசை வைத்திருக்கின்றன, அதையும் பார்க்கலாம்.

16. "பேட்டரி வீங்கிருக்கு. பழைய இரும்புக்கடையில போட்டுடவா?"

போடாதீர்கள். அங்கே சுத்தியலால் தட்டிப் பிரிப்பார்கள், தீப்பிடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து அப்புறப்படுத்துவது தயாரிப்பாளரின் பொறுப்பு. முனைகளில் டேப் ஒட்டி, கட்டடத்துக்கு வெளியே நிழலில், மரமும் பெயின்டும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். வீங்கியதைச் சார்ஜரில் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

17. "மூணு மாசம் வேலை இல்ல. முழு சார்ஜ் போட்டு வைக்கட்டுமா?"

பாதி சார்ஜ் போதும். முழுதாக நிரப்பி வைத்தாலும் சுத்தமாகக் காலி செய்து வைத்தாலும் கெடும், காலியாகக் கிடப்பது இன்னும் மோசம். மெஷினிலிருந்து கழற்றி வையுங்கள். பேட்டரியின் அடியில் பெயின்ட் மார்க்கரால் வாங்கிய மாதமும் உங்கள் பெயரும் எழுதிவிடுங்கள். சைட்டில் டிரில்லை விட்டுவிட்டு பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு போகிற திருடர்கள் வந்துவிட்டார்கள்.